எது கிடார், எது கீபோர்டு?

நீங்கள் கேட்டதை முதலில் ஒருமுறை திருப்பிச் சொல்லிவிடுகிறேன். நண்பர் ஒருவர் லாப்ராட்ஃபோர்ட் என்ற அமெரிக்க இசைக்குழுவின் 1999 ஆல்பமான 'ஏ லுஷு சோ'வை உங்களுக்கு அனுப்பியிருக்கிறார். பாடும் குரல் இல்லை, டிரம்ஸ் வாசிப்பவர் இல்லை, பாதி நேரம் எது கிடார், எது கீபோர்டு என்றே பிடிபடவில்லை. ஆனால் போட்ட ஐந்தாவது நிமிடத்தில் உட்கார்ந்திருக்கும் அறையே வேறு அறை மாதிரி ஆகிவிடுகிறது. "இது என்ன வகை இசை? என்ன எஃபெக்ட் பெடல் வாங்கினால் இந்தச் சத்தம் வரும்?" என்று முடித்திருக்கிறீர்கள். வகையும், கிடாரின் சத்தத்தை மாற்றக் காலால் இயக்கும் பெடலும் வெளியே தெரியும் கேள்விகள். உள்ளே இருப்பது வேறு என்று நினைக்கிறேன். ஒன்றுமே நடக்காதது போலத் தோன்றும் இசை ஒரு ஆளை இப்படிப் பிடித்து உட்காரவைப்பது எப்படி? அதற்குத்தான் முக்கியமாகப் பதில் சொல்லப்போகிறேன். பெடல் விஷயம் போகிற வழியில் வரும்.

நான் ஒலிப்பதிவும் மிக்ஸிங்கும் செய்து பிழைப்பவன், இருபது வருடத்துக்குக் கொஞ்சம் குறைவாக. கிடார் வாசிப்பேன், சுமாராக. இந்தக் குழுவை மேடையில் பார்த்ததில்லை. அதனால் கீழே எழுதுவதில் இரண்டு வகை உண்டு. ஆண்டு, ஊர், பெயர், எங்கே பதிவானது என்பதெல்லாம் ஆல்பத்தின் உறையிலும் வெளியீட்டு விவரங்களிலும் இருப்பவை. ஒலி எப்படி உண்டானது என்று சொல்லும் இடங்களில் பெரும்பாலும் பேசுவது என் காதும் தொழில் பழக்கமும்தான். எது எந்த வகை என்று அங்கங்கே சொல்லிக்கொண்டே போகிறேன்.

லாப்ராட்ஃபோர்ட் 1990களின் தொடக்கத்தில் வர்ஜீனியா மாநிலத்தின் ரிச்மண்ட் நகரில் உருவான குழு. மார்க் நெல்சன் கிடார், கார்ட்டர் பிரவுன் கீபோர்டு. முதல் ஆல்பம் முடிந்தபிறகு ராபர்ட் டான் பேஸ் கிடாரோடு வந்து சேர்ந்தார். கடைசிவரை மூன்று பேர்தான். ரிச்மண்டை ராக் ரசிகர்கள் வேறு காரணத்துக்காக அறிவார்கள்: மேடையில் செயற்கை ரத்தத்தைக் கூட்டத்தின் மேல் பீய்ச்சி அடிக்கும் குவார் என்ற மெட்டல் குழுவின் ஊர் அது. அவ்வளவு சத்தமான ஊரிலிருந்து இவ்வளவு அடங்கிய ஒலி வந்ததை நினைத்தால் எனக்கு இன்றும் ஆச்சரியம். சிகாகோவில் ஜோயல் லியோஷ்கேயும் புரூஸ் ஆடம்ஸும் கிராங்கி என்ற நிறுவனத்தைத் தொடங்கியபோது, 1993இல், அவர்கள் வெளியிட்ட முதல் ஆல்பமே லாப்ராட்ஃபோர்டின் 'பிரசிஷன் எல்பி'தான். அதன் பட்டியல் எண் ஒன்று. பின்னாளில் அதே நிறுவனம் ஸ்டார்ஸ் ஆஃப் த லிட், லோ, காட்ஸ்பீட் யூ பிளாக் எம்பரர் போன்றவர்களையும் வெளியிட்டது. பெரிய பெயர் வாங்கியவர்கள் அவர்கள். கதவைத் திறந்து வைத்தவர்களை அவ்வளவாக யாரும் கேட்பதில்லை.

ஒரு சின்னத் திருத்தம். இந்தக் குழுவை முழுக்க வாத்திய இசைக்குழு என்று சொல்வது சரியில்லை. 'பிரசிஷன் எல்பி'யிலும் 1995இல் வந்த 'எ ஸ்டேபிள் ரெஃபரன்ஸ்' ஆல்பத்திலும் மார்க் நெல்சனின் குரல் இருக்கிறது. பாடுகிறார் என்பதைவிட, பக்கத்து அறையில் யாரோ தனக்குத்தானே முணுமுணுப்பது மாதிரி இருக்கும். வழக்கமாக நாங்கள் மிக்ஸ் செய்யும்போது குரலை எல்லாவற்றுக்கும் மேலே தூக்கி வைப்போம். இங்கே வாத்தியங்களுக்குக் கீழே இறக்கி வைத்திருக்கிறார்கள். சொற்களைப் பிடிக்க முயன்று, பிடிபடாமல், கடைசியில் நாம் விட்டுவிடுகிறோம். விட்டபிறகு குரலும் இன்னொரு வாத்தியம் ஆகிவிடுகிறது. ஆல்பத்துக்கு ஆல்பம் அந்தக் குரல் மெலிந்துகொண்டே வந்து, உங்களிடம் இருக்கும் 'ஏ லுஷு சோ'வில் முழுவதும் நின்றுபோகிறது. 2001இல் வந்த கடைசி ஆல்பமான 'ஃபிக்ஸ்ட் காண்டெக்ஸ்ட்'டிலும் குரல் இல்லை. குரல் இல்லாமல் தொடங்கிய குழு அல்ல, குரல் தேவையில்லை என்ற இடத்துக்கு நடந்து வந்த குழு. கேட்கும்போது அந்த வித்தியாசம் தெரியும்.

வகை பற்றிச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன், அதில் பெரிய விஷயம் இல்லை. போஸ்ட்-ராக் என்ற சொல்லை 1994இல் பரவலாக்கியவர் சைமன் ரெனால்ட்ஸ் என்ற இங்கிலாந்து விமர்சகர். ராக் இசையின் அதே கருவிகளை வைத்துக்கொண்டு, ராக் இசைக்காக இல்லாமல், ஒலியின் நிறத்துக்காகவும் இழைக்காகவும் வாசிப்பவர்கள் என்பது அவர் கொடுத்த அர்த்தத்தின் சாரம். அந்த அர்த்தத்தில் லாப்ராட்ஃபோர்ட் அச்சு அசல் போஸ்ட்-ராக். ஆனால் இன்று அந்தப் பெயரைச் சொன்னால் பலருக்கும் நினைவுக்கு வருவது, மெதுவாகத் தொடங்கிப் பத்து நிமிடம் ஏறி ஏறி உச்சியில் வெடிக்கும் இசை. மோக்வாய், எக்ஸ்ப்ளோஷன்ஸ் இன் த ஸ்கை கேட்டிருந்தால் தெரியும். லாப்ராட்ஃபோர்ட் அந்த மலை ஏறுவதே இல்லை. தொடங்கிய உயரத்திலேயே நடந்து, அதே உயரத்தில் முடிக்கிறார்கள். வெடிப்புக்குக் காத்திருந்து கேட்டால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

இனி ஒலிக்கு வருகிறேன். நீங்கள் எழுதியதில் என்னைப் பிடித்தது 'எது கிடார், எது கீபோர்டு என்று தெரியவில்லை' என்ற வரி. நீங்கள் கேட்ட மற்றதற்கும் பதில் அதற்குள்ளேயே இருக்கிறது. ஒரு வாத்தியத்தை நாம் எப்படி அடையாளம் காண்கிறோம்? ஒலி நிலைத்து நிற்கும் பகுதியை வைத்து என்றுதான் நினைப்போம். உண்மையில் பெரும்பங்கு, ஒலி பிறக்கும் அந்த முதல் நொடித்துண்டில் இருக்கிறது. கிடார் தந்தியில் பிளெக்ட்ரம் படும் 'டக்', பியானோ சுத்தி கம்பியில் விழும் சத்தம், வயலின் வில் தந்தியைப் பற்றும் உரசல். இதைத்தான் அட்டாக் என்கிறோம். 1948இல் பிரெஞ்சு வானொலியில் பியேர் ஷேஃபர் ஒரு மணியோசையைப் பதிவுசெய்து, அடி விழும் தொடக்கத்தை மட்டும் வெட்டிவிட்டு மீதியைக் கேட்டுப் பார்த்தார். மணி காணாமல் போய் ஓபோ என்ற ஊதுகுழல் மாதிரி கேட்டது. ஒலியின் மீதியெல்லாம் அப்படியே இருந்தும், தொடக்கம் போனதும் அடையாளமும் போய்விட்டது.

வீட்டில் எலக்ட்ரிக் கிடார் இருந்தால் இதை இப்போதே செய்து பார்க்கலாம். வால்யூம் குமிழைப் பூஜ்ஜியத்தில் வையுங்கள். வலது கைச் சுண்டுவிரலைக் குமிழின் ஓரத்தில் ஒட்டி வைத்துக்கொண்டு ஒரு தந்தியை மீட்டுங்கள், சத்தம் வராது. மீட்டிய உடனே சுண்டுவிரலால் குமிழை மெதுவாகத் திறங்கள். 'டக்' இல்லாமல், எங்கிருந்தோ கிளம்பி வருவது போல ஸ்வரம் வரும். இதற்கு ஒரு பைசா செலவில்லை. இதையே காலால் செய்வதற்குத்தான் வால்யூம் பெடல். பின்னால் ஒரு டிலேயும் (ஒலியை எதிரொலி போலத் திருப்பிச் சொல்வது) ரிவர்பும் (பெரிய அறையில் ஒலி நீள்வது போலக் காட்டுவது) சேர்த்தால், தந்தியின் ஒலியும் சிந்தசைசரின் ஒலியும் ஒன்றோடொன்று கரைந்துவிடும். லாப்ராட்ஃபோர்டின் முதல் இரண்டு ஆல்பங்களில் நான் கேட்கும் மூடுபனிக்கு அடிப்படை இந்த நுட்பம் என்றுதான் என் காது சொல்கிறது. எந்த நிறுவனத்தின் எந்தப் பெடல் என்று இணையத்தில் சிலர் பட்டியலே போடுகிறார்கள். அவற்றை நம்பிப் பணம் போடவேண்டாம். அட்டாக் மறைந்த ஒலியை வைத்துப் பெடலின் பெயர் சொல்வது, ஆவியைப் பார்த்து எந்த அடுப்பு என்று சொல்வது மாதிரி.

அடுத்தது ஒலியின் வால், அதாவது ஒலி கொஞ்சம் கொஞ்சமாக அடங்கும் பகுதி. இங்கேதான் ஆரம்பத்தில் எல்லோரும் தப்புச் செய்கிறார்கள், நானும் செய்திருக்கிறேன். சில வருடங்களுக்கு முன் நான்கு இளைஞர்கள் என்னிடம் பதிவுக்கு வந்தார்கள். நன்றாக வாசிக்கிற பிள்ளைகள். "அண்ணா, அட்மாஸ்ஃபியர் வேணும்" என்றார்கள். நானும் கிடாருக்கு ரிவர்ப், கீபோர்டுக்கு ரிவர்ப், கடைசியில் மொத்தத்துக்கும் ரிவர்ப் என்று போட்டுக்கொடுத்தேன். கேட்டால் சேறு. எந்தச் சத்தத்துக்கும் ஓரமே இல்லை. மறுநாள் காலையில் எல்லா ரிவர்பையும் எடுத்துவிட்டு, அவர்களை அதே பாடலைப் பாதி வேகத்தில் வாசிக்கச் சொன்னேன். பிறகு ஒரே ஒரு ரிவர்ப் மட்டும் போட்டேன். அவர்கள் தேடிக்கொண்டிருந்த சூழல் அப்போதுதான் வந்தது.

கணக்கு எளிதானது. ரிவர்பின் வால் அடங்க 4 நொடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். 2 நொடிக்கு ஒருமுறை கார்டு (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரங்களின் கூட்டு) மாறினால், பழைய கார்டின் வால் புதிய கார்டின் தலையில் ஏறி உட்காரும், அதுதான் சேறு. 8 நொடிக்கு ஒருமுறை மாறினால் வால் முழுசாக அடங்கி, அதற்கு மேலும் 4 நொடி கிடைக்கிறது. அந்த 4 நொடியில் ஒன்றுமில்லை என்றா நினைக்கிறீர்கள்? அடங்கிப்போன ஒலியைக் காது இன்னும் துரத்திக்கொண்டிருக்கிறது. அடுத்தது எப்போது வரும் என்றும் காத்திருக்கிறது. லாப்ராட்ஃபோர்டை நான் மதிப்பது இந்தப் பொறுமைக்காகத்தான். மூன்று பேர் ஒரே அறையில் இருந்துகொண்டு, அடுத்த ஸ்வரத்துக்கு அவசரப்படாமல், ஒருவர் விட்ட ஒலி அடங்கும்வரை மற்ற இருவரும் கையைக் கட்டிக்கொண்டு இருப்பது சாதாரண விஷயம் இல்லை. வாசிக்கத் தெரிந்தவர்களுக்கு வாசிக்காமல் இருப்பதுதான் பெரிய கஷ்டம்.

டிரம்ஸ் இல்லாததும் இதோடு சேர்ந்ததே. தாளம் இருந்தால் காது நேரத்தை எண்ணும், எண்ணிக்கை தெரிந்தால் அடுத்தது எப்போது என்று உடம்பு முன்கூட்டியே தயாராகிவிடும். தாளம் இல்லாதபோது அந்த எண்ணிக்கை கையைவிட்டுப் போகிறது. ஆனால் முழுக்கப் போவதில்லை: டிலேயில் திரும்பித் திரும்பி வரும் எதிரொலி, பேஸ் கிடாரின் ஓரிரண்டு ஸ்வரங்கள், சில இடங்களில் மெல்லிய மின்னணுத் துடிப்பு ஆகியவை ஒரு மூச்சு மாதிரி நேரத்தைத் தாங்கிக்கொண்டிருக்கும். ராபர்ட் டான் வந்தபிறகு இசைக்குத் தரை கிடைத்தது என்பது என் கருத்து. முதல் ஆல்பம் மிதக்கிறது, இரண்டாவதிலிருந்து நிற்கிறது. இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டால் உங்களுக்கே கேட்கும்.

இன்னொன்று, ஒலி நகராமல் நிற்கும்போதும் அது உயிரோடு இருப்பது. கார்ட்டர் பிரவுன் பழைய அனலாக் சிந்தசைசர்களை விரும்பி வாசித்தவர். அந்த மாதிரிக் கருவிகளில் சூடு ஏற ஏற சுருதி இம்மியளவு நகரும். கருவிக்குள் ஒலியை உண்டாக்கும் ஒரு ஆஸிலேட்டர் 220 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 220 அதிர்வு), இன்னொன்று 220.25 ஹெர்ட்ஸ் என்று இருந்தால், இரண்டும் சேரும்போது 4 நொடிக்கு ஒருமுறை ஒலி பெருத்துச் சிறுக்கும். யாரும் எதையும் தொடவில்லை, ஆனாலும் ஒலி மூச்சு விடும். தம்புரா சுருதி சேர்ப்பவர்களுக்கு இது பழகிய விஷயம். ஒரே சுருதியில் வைக்கும் இரண்டு சாரணித் தந்திகளும் சேரச் சேர அந்த அலைவு மெதுவாகி மெதுவாகிக் கடைசியில் நிற்கும், அதைக் கேட்டுத்தான் சேர்ப்பார்கள். தம்புராவும் லாப்ராட்ஃபோர்டும் ஒன்று என்று சொல்லவில்லை, இரண்டுக்கும் மரபு வேறு, நோக்கம் வேறு. ஒரே ஸ்வரத்துக்குள் உட்கார்ந்து கேட்கிற காது இரண்டுக்கும் வேண்டும், அவ்வளவுதான்.

இப்போது உங்களிடம் இருக்கும் ஆல்பம். 1997இல் வந்த 'மி மெடியா நரான்ஹா'வில் இந்தக் குழு ஒரு திருப்பம் எடுத்தது. அதன் பெயர் ஸ்பானிய மொழியில் 'என் பாதி ஆரஞ்சு', அந்த மொழி வழக்கில் வாழ்க்கைத் துணை என்று அர்த்தம். பாடல்களின் பெயர்கள் வெறும் எழுத்துகள்தான்: எஸ், ஜி, சி என்று போகும். இதுவரை மறைத்து வைத்த அட்டாக்கை இங்கே திரும்பக் கொண்டுவந்தார்கள். கிடார் கிடாராகவே கேட்கிறது, பாலைவனத்துச் சாலை மாதிரி நீண்டு அதிரும் தந்தி. மூடுபனி கலைந்து வெளி திறந்துகொண்டது. 'ஏ லுஷு சோ' அதற்கு அடுத்தது. அந்தப் பெயரில் ஆரி பரோசோவின் பிரேசில் சம்பா ஒன்று உண்டு, ஜோவாவ் ஜில்பெர்த்தோ 1959 ஆல்பத்தில் பாடியது. அதிலிருந்துதான் எடுத்திருப்பார்கள் என்பது என் ஊகம். ஆறு பாடல்கள், ஒன்றுக்கும் தனிப் பெயர் கிடையாது. உறையின் பின்புறம் இருக்கவேண்டிய நன்றிப் பட்டியலையே துண்டு துண்டாக வெட்டிப் பாடல் பெயர்களாகப் போட்டிருக்கிறார்கள். முதல் பாடலின் பெயரே, ரிச்மண்டில் சவுண்ட் ஆஃப் மியூசிக் என்ற ஸ்டுடியோவில் பதிவுசெய்து மிக்ஸ் செய்யப்பட்டது என்ற தகவல்தான். எனக்கு இது ரொம்பப் பிடிக்கும். 'மழை' என்றோ 'பிரிவு' என்றோ பெயர் வைத்திருந்தால் நாம் அதைத்தான் கேட்டிருப்போம். இப்போது கேட்பதற்கு ஒலியைத் தவிர வேறு வழி இல்லை.

அதில் உங்களைக் குழப்பிய இன்னொரு ஒலி டல்சிமராக இருக்கலாம். தந்திகள் கட்டிய பலகையைச் சின்னச் சுத்திகளால் தட்டி வாசிப்பது, நம் ஊர்க் கச்சேரிகளில் பார்த்திருக்கக்கூடிய சந்தூரின் உறவுக் கருவி. வாசித்தவர் பீட்டர் நெஃப், அவர் பெயரும் ஒரு பாடலின் பெயருக்குள்ளேயே இருக்கிறது. தந்தி வாத்தியக்காரர்கள் நான்கு பேரும் இருக்கிறார்கள். ஆக, நீங்கள் கீபோர்டு என்று நினைத்த சில இடங்கள் உண்மையான வில்லும் தந்தியும்தான்.

கடைசி ஆல்பம் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் பெடல் கேள்விக்கு நேரான பதில் அங்கே இருக்கிறது. 'ஃபிக்ஸ்ட் காண்டெக்ஸ்ட்'டைப் பதிவுசெய்தவர் ஸ்டீவ் ஆல்பினி, சிகாகோவில் அவருடைய எலக்ட்ரிக்கல் ஆடியோ ஸ்டுடியோவில். நிர்வானாவின் 'இன் யூட்டரோ', பிக்ஸீஸின் 'சர்ஃபர் ரோசா' ஆகியவற்றைப் பதிவுசெய்தவர், 2024இல் காலமானார். சத்தமான குழுக்களின் ஆள் இந்த மெல்லிய இசையை என்ன செய்யமுடியும் என்று தோன்றும். ஆனால் ஆல்பினியின் திறமையே மைக் வைப்பதில்தான் இருந்தது. வாத்தியத்தின் அருகில் ஒன்று, அறையின் தூரத்தில் ஒன்று என்று வைத்து, அறை எப்படி ஒலிக்கிறதோ அதை அப்படியே எடுப்பார். இந்த ஆல்பத்தில் கிடாரைச் சுற்றி எனக்குக் கேட்பது ஒரு உண்மையான அறையின் காற்று, பெடலின் வேலை இல்லை. உங்கள் அறை வேறு அறை ஆகிவிட்டது என்று எழுதினீர்களே, அதில் கொஞ்சம் பௌதிகமும் உண்டு. சுவர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, கூரை எவ்வளவு உயரம் என்பதையெல்லாம் காது எதிரொலியை வைத்துத்தான் கணிக்கிறது. பதிவில் வேறொரு அறையின் எதிரொலி இருந்து, மற்ற ஒலிகள் அதை மறைக்காமல் விட்டால், காது அந்த அறையை நம்பிவிடும்.

இந்த ஆல்பத்துக்குப் பிறகு லாப்ராட்ஃபோர்ட் என்ற பெயரில் புதிய ஆல்பம் வரவில்லை. மார்க் நெல்சன் பான் அமெரிக்கன் என்ற பெயரில் தனியாகத் தொடர்கிறார். 2014இல் அவரும் ராபர்ட் டானும் அன்ஷூ என்ற பெயரில் சேர்ந்து ஒரு ஆல்பம் கொடுத்தார்கள், அதே கிராங்கியில். பழைய மூன்று பேரின் ஏக்கம் இருந்தால் அதைக் கேட்கலாம்.

பெடல் வாங்குவதென்றால் ஒரு வால்யூம் பெடல், ஒரு டிலே போதும், விலை குறைந்ததாகவே இருக்கட்டும். அதற்கு முன்னால் சுண்டுவிரல் பயிற்சியை ஒரு மாதம் செய்யுங்கள். கேட்பதற்கு ஒரு யோசனை: ஃபேனை நிறுத்திவிட்டுக் கேளுங்கள். நம் வீட்டு ஃபேனின் இரைச்சல், ஒலியின் வால் அடங்கும் அந்தக் கடைசி இரண்டு மூன்று நொடிகளை மொத்தமாக விழுங்கிவிடும். இந்த இசையில் பாதி அங்கேதான் இருக்கிறது. வெயில் காலமாக இருந்தால் இரவு பதினொரு மணிக்கு மேல், ஹெட்ஃபோனில், சத்தத்தைக் கொஞ்சம் குறைத்தே வையுங்கள். முதலில் 'மி மெடியா நரான்ஹா', பிறகு உங்களிடம் இருக்கும் 'ஏ லுஷு சோ'வை இன்னொரு முறை, அப்புறம் பின்னோக்கிப் போய் 'எ ஸ்டேபிள் ரெஃபரன்ஸ்'. 'ஃபிக்ஸ்ட் காண்டெக்ஸ்ட்'டைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதன் முதல் பாடல் 'ட்வென்ட்டி' மட்டுமே சுமார் 18 நிமிடம். நடுவில் போன் பார்க்காமல் அதைக் கேட்டு முடித்த இரவில், கிடார் எது கீபோர்டு எது என்று இன்னும் தேடினீர்களா என்று எனக்கு எழுதுங்கள்.